அழவைக்கும் விளிம்பு

செத்தவீட்டில் சனம் எதனால் அழுகிறது என்று கேட்டால், செத்தவர் மேல் வைத்த பாசத்தால் என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் தொழில்காரர் இல்லை, அதனால் அப்படிச் சொல்வீர்கள். மன்னார்ப் பட்டினத்தில் சவப்பெட்டி அடித்த பெற்றிசியாவைக் கேட்டால், பெட்டியின் விளிம்பினால் என்பாள். அந்தப் பெட்டிகளுக்குள் வெள்ளைத் துணி பிடித்துக் குஞ்சம் தைத்த என்னைக் கேட்டிருந்தால், என் துணியினால் என்று சொல்லியிருப்பேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

என் தையல் கடைக்கும் அவளுடைய பட்டறைக்கும் நடுவில் ஒரு தகர மறைப்புத்தான் இருந்தது. சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அவளுடைய தகப்பன் செத்துப்போனார். அவருக்கான பெட்டியைத் தானே அடிப்பேன் என்று நின்று அடித்தாள். நேரம் போதவில்லை. விளிம்பைச் சீவி முடிக்காமல், பாதி வழுவழுப்பும் பாதி சொரசொரப்புமாக விட்டுவிட்டாள். தகப்பனோடு பல வருஷம் கதை பேச்சில்லாமல் இருந்த அவளுடைய மாமி வந்தார். வாசலில் நின்றபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பெட்டி விளிம்பில் கை வைத்ததும் வாய்விட்டுக் கத்தினார் பாருங்கள், கடைத்தெருவில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

"பிள்ளை, கூடப்பிறந்த சகோதரி அழாமல் என்ன செய்வா?" என்று நான் கேட்டேன்.

"தம்பு அண்ணை, வாசலில நிக்கேக்க ஏன் அழேல்லை? கை வைச்ச பிறகுதானே அழுதவ? கை அழுதால்தான் கண் அழும்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு அவளுக்குப் பெட்டி என்பது விளிம்புக்கு முட்டுக்கொடுக்கும் பலகைதான். மற்ற ஆட்கள் ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்று கணக்குப் பார்ப்பார்கள். இவள், "செத்தவர் என்ன தொழில்? பெஞ்சாதியோட சண்டையோ? பிள்ளையள் தொட்டுப் பழகினவரோ?" என்று விசாரிப்பாள். பெட்டி வாங்க வந்தவன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும்.

பட்டறைச் சுவர் முழுக்கச் சாண் நீளப் பலகைத் துண்டுகள் தொங்கின. உளியால் கொத்தியது, அரத்தால் உராய்ந்தது, திருக்கைத் தோலால் தேய்த்தது, மெழுகு பூசியது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். ஒன்று துக்கம், ஒன்று அமைதி, ஒன்று வெட்கம், ஒன்று பயம். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து மனதில் என்ன வருகிறது என்று சொல்லவேண்டும். தபால் கந்தோர்ப் பெரியவரும் நானும்தான் அவளுடைய நிரந்தரச் சோதனை ஆட்கள். பயப் பலகையைத் தடவிவிட்டு எனக்குப் பசி வருகிறது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

துக்கப் பலகையின் பெருமையை முதலில் கண்டுபிடித்தது மன்னார்க் கழுதை. ஒரு தூண் முழுக்கத் துக்கம் செதுக்கி வாசலில் காயவைத்திருந்தாள். கழுதை ஒன்று வந்து முதுகைக் கொடுத்துத் தேய்த்தது. மறுநாள் தன் இனசனத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இந்தக் கழுதைகளுக்குத் துக்கத்தின் சுகம் நன்றாகத் தெரிந்திருந்தது.

நான் சும்மா கேலி செய்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அவளுடைய விளிம்புகள் வேலை செய்ததும் உண்டு. வேலை செய்து வினையானதும் உண்டு. காணிச் சண்டையால் வெட்டுக்குத்துக்கு நின்ற ஒரு குடும்பத்தில் கிழவன் செத்துப்போனான். செத்தவீட்டில் அடிபிடி வரப்போகிறது என்று இவள் பெட்டிக்கு அமைதி விளிம்பு வைத்துக் கொடுத்தாள். ஆற்றங்கல் மாதிரி உருட்டி மெழுகு போட்ட விளிம்பு. கை வைத்தவர்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டு அப்படியே அடங்கிப்போனார்கள். ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து கிழவனுக்கு நஞ்சு வைத்துவிட்டார்கள் என்று அயலில் கதை கட்டி, அது பொலிஸ் வரைக்கும் போனது.

வெள்ளாங்குளத்துப் பாலசிங்கத்தார் தமையனுக்குப் பெட்டி எடுக்க வந்தபோது, இவள் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நேரத்தைப் பார்த்தார். "பிள்ளை, நாங்கள் சைவம். பின்னேரம் எரிக்கப்போற பெட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு?"

"எரிக்க முதல்தானே ஐயா அழவேணும்?" என்றாள்.

இப்படி இருந்தவளிடம்தான் ஒருநாள் ஓலைத்தொடுவாயிலிருந்து அமிர்தநாயகம் சம்மாட்டி வந்து இறங்கினார். சொந்தமாக வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த ஆள். கடலுக்குப் போவதை நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது. மூன்று ஆண்பிள்ளைகள் தொழிலைப் பார்த்தார்கள். அவருடைய வாயிலிருந்து ஒரு நல்ல சொல் விழுந்ததை அந்தக் கரையில் கேட்டவர் இல்லை. பெரிய மீன் கொண்டுவந்தால் ஏன் இரண்டு கொண்டுவரவில்லை என்பார். இரண்டு கொண்டுவந்தால் நேற்று எங்கே போனாய் என்பார்.

வந்தவர் வாங்கில் உட்கார்ந்தார். சுற்றிவளைக்கவில்லை.

"எனக்கு ஒரு பெட்டி வேணும்."

"ஆர் ஐயா மோசம் போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. நான்தான் போகப்போறன். இண்டைக்கில்லை, போகேக்க." கொஞ்சம் நிறுத்தினார். "போன மாசம் பக்கத்து வாடிச் சம்மாட்டியின்ர செத்தவீட்டுக்குப் போனனான். அவர்ர பெடியள் பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு இறால் என்ன விலை போகுதெண்டு கதைக்கிறாங்கள். வீட்டை வந்து என்ர பெடியளைப் பாத்தன். அவங்கள் விலை கூடக் கதைக்கமாட்டாங்கள். வெளிக்கிட்டுக் கடலுக்குப் போயிடுவாங்கள். என்ர செத்தவீட்டில என்ர மூண்டு பெடியளும் அழவேணும். அதுக்கு ஏத்த விளிம்பு போட்டுத் தா."

நான் தகர மறைப்புக்கு இந்தப் பக்கம் ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். "அழுகிறதுக்குப் பொம்பிளையளைப் பிடிச்சு ஒப்பாரி வைக்கலாமே ஐயா" என்று எட்டிப்பார்த்துச் சொன்னேன்.

"கூலிக்கு அழுகிறதெண்டால் நான் இஞ்ச ஏன் வாறன்?" என்று என் மேல் விழுந்தார். பிறகு பெற்றிசியாவிடம் குரலைத் தாழ்த்தினார். "நான் நல்ல தகப்பன் எண்டு சொல்லேல்லைப் பிள்ளை. நல்ல தகப்பனுக்கு ஏன் இந்தப் பெட்டி?"

அதைக் கேட்டதும் பெற்றிசியாவின் முகம் மாறிவிட்டது. வாழ்நாளில் இப்படி ஒரு வாடிக்கையாளர் வரமாட்டாரா என்று அவள் காத்திருந்திருக்கவேண்டும். உடனே விசாரணையைத் தொடங்கினாள். பிள்ளைகள் சின்ன வயதில் உங்களோடு எதைத் தொட்டார்கள்? தோளில் தூக்கினீர்களா? கையைப் பிடித்துப் பெருநாளுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களா? சம்மாட்டி யோசித்தார்.

"என்ர கையிலயிருந்து அவங்களுக்குப் பட்டதெண்டால் திருக்கை வால்தான்" என்றார்.

திருக்கை வாலை உலரவைத்துச் சாட்டையாக்கி அடிப்பது எங்கள் கரையில் அப்போது புதினமில்லை. கடைசிப் பெடியன் யோசேப்தான் எல்லாரிலும் கூட அடி வாங்கினவனாம். ஆனால் திருக்கை வாலைச் செதுக்கிப் பெட்டி விளிம்பாக வைத்தால் பிள்ளைகள் அழுவார்களா, ஓடுவார்களா? பெற்றிசியாவுக்கே அது சந்தேகம்.

மாதக்கணக்காக அந்த விளிம்போடு கிடந்தாள். நல்ல தேக்கில் பெட்டி. விளிம்பில் ஒரு பக்கம் வற்றுக்கடல் மணலில் விழும் சின்ன வரிகள். இன்னொரு பக்கம் பழைய பருத்தி வலையின் முடிச்சுகள், கையில் பட்டதும் இழைகிற மாதிரி. தலைமாட்டில் மழைக்காலத்து ஈரப்பாயின் பின்னல். ஒவ்வொரு கட்டத்திலும் நானும் தபால் கந்தோர்ப் பெரியவரும் கண்ணை மூடித் தடவினோம். உண்மையைச் சொல்லவேண்டும், கடைசித் தடவை எனக்குச் செத்துப்போன என் தம்பியின் நினைவு வந்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். பெரியவர் மூக்கைச் சிந்திக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார். பெற்றிசியா துள்ளிக் குதிக்காத குறை.

பெட்டியை ஏற்றிப்போக மூன்று மகன்களும் லொறியோடு வந்தார்கள். இவள் வேண்டுமென்றே உதவிக்கு ஆள் பிடிக்காமல், "தம்பியவை, விளிம்பில பிடிச்சுத் தூக்குங்கோ" என்றாள். சம்மாட்டி ஓரமாக நின்று மகன்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

மூத்தவன் எமிலியானுஸ் பிடித்தான். "அக்கா, இதில சீவுளி போட மறந்திட்டியளோ?" என்றான்.

நடுவிலான் எட்வேட், "தடிப்பமான பலகை" என்றான்.

யோசேப் பிடித்தான், தூக்கினான், லொறியில் வைத்தான்.

அப்போதுதான் அந்தப் பிழை பெற்றிசியாவுக்கு விளங்கியது. ஊசி பிடிக்கிற கையிலும் முத்திரை குத்துகிற கையிலும் சோதித்துப் பார்த்து, கயிறு இழுக்கிற கைக்கு விளிம்பு செய்திருக்கிறாள். அந்தப் பெடியன்களின் உள்ளங்கை காய்த்துக் கட்டையாகிப்போயிருந்தது. உப்பும் கயிறும் தின்ற கைக்கு வற்றுக்கடல் வரியும் தெரியாது, வலை முடிச்சும் தெரியாது. மீன்பிடிக் கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குச் சிரிப்பு. ஆனால் சிரிக்க முடியவில்லை, சம்மாட்டி நின்ற நிலை அப்படி.

அவர் மெதுவாக லொறிக்குக் கிட்டப் போய் விளிம்பில் கை வைத்தார். கடலை விட்டுச் சில வருஷமானதால் அவருடைய கை இளகியிருந்தது. கண் கலங்கிவிட்டது. "வேலை செய்யுது பிள்ளை" என்றார். "பெடியளுக்கு வெக்கம், அதுதான் காட்டேல்லை."

இல்லை ஐயா என்று சொல்லப் பெற்றிசியாவுக்கு வாய் வரவில்லை. அவளுடைய வாயை அடைத்த ஒரே மனிதர் அவர்தான்.

பெட்டி வீட்டுக்குப் போனதும் புதுச் சிக்கல் வந்தது. வெறும் சவப்பெட்டி வீட்டில் இருந்தால் உள்ளே வைக்க ஆள் கேட்கும் என்று மூத்த மருமகள் மார்த்தா வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். சம்மாட்டி யோசித்தார், வெள்ளாங்குளத்திலிருந்து வந்திருந்த அரிசி மூட்டைகளை அவிழ்த்துப் பெட்டிக்குள் கொட்டினார். இனி அது வெறும் பெட்டி இல்லை. பெட்டியை இரண்டு வாங்கின் மேல் ஏற்றிச் சாமான் அறையில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. மூன்று மகன்களின் குடும்பமும் ஒரே வளவுக்குள் இருந்தது. அரிசி விஷயத்தில் சம்மாட்டி ஒருவரையும் நம்பமாட்டார். விடிந்ததும் மருமகள்மார் சுளகோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அவர் இடக்கையைப் பெட்டி விளிம்பில் ஊன்றிக் குனிந்து, வலக்கையால் அளவுக் கொத்து நிறைய அரிசி அள்ளிக் கொடுப்பார். மகன்கள் கடலுக்குப் போகாத நாளில் தாங்களே வந்து வாங்கிக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். சவப்பெட்டிச் சோறு என்று ஊரில் பகிடி. பேரப்பிள்ளைகள் அதைத் தின்று நன்றாகத்தான் கொழுத்தார்கள்.

பெற்றிசியாவுக்கு இந்தச் செய்தி வந்தபோது அடுத்த பஸ்ஸில் ஓலைத்தொடுவாய்க்குப் போய் இறங்கினாள். பெட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"ஐயா, கையை ஊண்டி ஊண்டி என்ர முடிச்செல்லாம் தேயுது!"

"தேயட்டும். எனக்கு இடுப்புப் பிடிப்பு. ஊண்டாமல் குனிய ஏலாது."

"மற்றப் பக்கமாய் நிண்டு அள்ளுங்கோ!"

"மற்றப் பக்கம் சுவர்."

வருஷத்துக்கு ஒருமுறை போய்ச் சண்டை பிடிப்பாள். திரும்பச் செதுக்கித் தருகிறேன் என்பாள். அரிசியைக் கொட்டி எடுக்கவேண்டும், எலி வரும் என்று அவர் மறுத்துவிடுவார். திரும்பி வந்து என் கடை வாசலில் நின்று என்னைத் திட்டுவாள். என் மேல் என்ன குற்றம் என்று நான் கேட்டதில்லை. திட்டுவதற்கு யாராவது இருக்கவேண்டும் அல்லவா?

பல வருஷம் அந்த அரிசியை அளந்துவிட்டு, ஒரு பெரிய வியாழன் கழிந்த கிழமையில் சம்மாட்டி நித்திரையிலேயே போய்விட்டார். செய்தி வந்ததும் பெற்றிசியா உளியையும் அரத்தையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். துணியை மாற்றிப் பிடிக்க நானும் போனேன். போகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே பதற்றம். "மூண்டு பேரும் அழாட்டி நான் அந்த மனுசனை ஏமாத்தினவள் ஆகிடுவன் அண்ணை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அரிசியைப் பாயில் கொட்டிவிட்டு, ஆளைப் பெட்டியில் கிடத்திவிட்டார்கள். செதுக்குவதற்கு நேரம் தப்பிவிட்டது. அவள் விளிம்பைப் பார்த்து முகம் வெளுத்தாள். இடப்பக்கம் வலை முடிச்சு முழுவதும் அழிந்து, ஒரு சாண் இடம் எண்ணெய் பூசியதுபோல் பளபளவென்று உள்வாங்கிக் கிடந்தது. மகன்கள் மூவரும் கண்ணில் ஈரமில்லாமல் வெயிலில் நின்று வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தார்கள். சம்மாட்டி பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

சுவாமியார் வந்து செபம் சொன்னார். மூடுவதற்கு முன் பிள்ளைகள் முத்தம் கொடுக்கவேண்டும். எமிலியானுஸ் முதலில் வந்தான். நெற்றியில் முத்தமிடக் குனிந்தவன் விழாமல் இருக்க இடக்கையை விளிம்பில் ஊன்றினான். கை அந்த இடத்தில்தான் விழுந்தது.

குனிந்தவன் நிமிரவில்லை. கையை எடுக்கவும் இல்லை. காய்த்துப்போன அந்தப் பெரிய உள்ளங்கை, தகப்பனின் கை தேய்த்த இடத்தில் பொருந்திப்போய் இருந்தது.

"இதில கை வைச்சுத்தானே அப்பா..." என்றான். தோள் குலுங்கத் தொடங்கியது.

எட்வேட் அவனை விலக்கிக்கொண்டு வந்தான். "தள்ளு, நானும் வைக்கிறன்." வைத்தான். அவனும் உடைந்தான். இரண்டு பேரும் அந்த ஒரு சாண் இடத்துக்கு ஆளையாள் இடித்துக்கொண்டு அழுதார்கள். ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

யோசேப் மட்டும் முருங்கை மரத்தோடு சாய்ந்து நின்றான். முத்தம் கொடுக்கவும் வரவில்லை. பெற்றிசியா அவனையே பார்த்துக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கினாள். மூடியைத் தூக்கினார்கள். ஆணி எடுத்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ!"

யோசேப் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டான்.

"இந்தப் பெட்டியைப் புதைக்க விடமாட்டன்."

"விசரோடா உனக்கு? அப்பா உள்ளுக்க இருக்கிறார்" என்றான் எமிலியானுஸ்.

"அப்பாவைப் புதையுங்கோ. பெட்டியை விடமாட்டன். நாளைக்கு விடிய அரிசியை எதில போடுறது? ஆர் அள்ளித் தாறது?" என்று தமையன்மேல் சீறினான். சீறிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து, வாங்கில் தலையை முட்டி, அடிவாங்கிய சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

சுவாமியார் செபப் புத்தகத்தை மூடினார். வெயிலைப் பார்த்தார், யோசேப்பைப் பார்த்தார். "வேற பெட்டி இருக்கோ மகள்?" என்று பெற்றிசியாவைக் கேட்டார்.

அவசரத்துக்கு என்று பட்டறையில் எப்போதும் ஒரு மாம்பலகைப் பெட்டி கிடக்கும். லொறி போய் ஏற்றிக்கொண்டு வந்தது. பெற்றிசியா அதைத் தடவிப் பார்த்தாள். விளிம்பு முழுக்கக் கையில் ஏறுகிற சிலாம்பு. பழக்கதோஷம் விடவில்லை. பையிலிருந்து உளியை எடுத்தாள்.

"தம்பி, இதில ஒண்டுமே செதுக்கேல்லை. ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ."

"விடுங்கோ அக்கா" என்றான் யோசேப் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இனி ஏன்?"

அமிர்தநாயகம் சம்மாட்டி மாம்பலகைப் பெட்டியில் சேமக்காலைக்குப் போனார். மூன்று மகன்களும் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்து மருமகள்மாரும், சவப்பெட்டிச் சோறு என்று பகிடி பண்ணிய ஊராரும் அழுதார்கள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

பெற்றிசியா அழவில்லை. அவள் கோபமாக இருந்தாள். திரும்பி வரும்போது லொறியின் பின்பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். மன்னார்ப் பாலம் தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை" என்றாள் பிறகு. "எல்லாரும் சேமக்காலைக்கு வெளிக்கிட்ட பிறகு நானும் அந்தத் தேஞ்ச இடத்தில ஒருக்கால் கை வைச்சுப் பாத்தனான்."

"என்னமாதிரி இருந்தது?"

உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர கைக்குப் பெரிசு" என்றாள்.